அசரியாவை ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்மாவட்டத் திருச்சபை வரலாறு பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆசையோடுதான் படிக்க ஆரம்பித்தேன். ரேனியஸ், கால்டுவெல், சார்ஜென்ட் என்று வெள்ளைக்கார ஐயர்மாருக்கெல்லாம் பத்தி பத்தியாக இடம் கொடுத்துவிட்டு, வேதநாயகம் சாமுவேல் அசரியாவுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். தென்னிந்தியத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர், நெல்லைச் சீமையின் பெருமை, அவ்வளவுதான். இந்த ஒரு வரியின் முதல் பாதி தவறு, இரண்டாம் பாதி பாதி உண்மை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், வெட்டிச் சுருக்கிப் போட்டாலும் சரி, தவறையாவது திருத்துங்கள்.

தென்னிந்தியத் திருச்சபை, அதாவது நாம் சி.எஸ்.ஐ. என்று சொல்வது, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் 1947 செப்டம்பர் 27 அன்று தொடங்கப்பட்டது. அசரியா இறந்தது 1945 ஜனவரி 1. இல்லாத ஒரு சபைக்கு அவர் எப்படிப் பேராயராக இருக்க முடியும்? அவர் ஆங்கிலிக்க சபையின், அதாவது இங்கிலாந்துச் சபை மரபில் வந்த சபையின், அத்தியட்சர் (பேராயரை அன்று அப்படித்தான் சொல்வார்கள்), அந்தச் சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். அவருடைய திருமண்டலம், அதாவது அத்தியட்சரின் பொறுப்பில் இருக்கிற பகுதி, நெல்லையும் இல்லை, சென்னையும் இல்லை. அன்றைய நிஜாம் ராஜ்யத்தில், இன்றைய தெலங்கானாவில் இருக்கிற தோர்ணக்கல். காசிப்பேட்டையிலிருந்து விஜயவாடா போகிற ரயில் பாதையில் ஒரு சந்திப்பு நிலையம், பத்ராசலம் ரோட்டுக்குக் கிளை பிரிகிற இடம். வேலை நிமித்தமாக வாரங்கல் பக்கம் சில வருடங்கள் இருந்ததால் எனக்கு அந்த ஊர் தெரியும். அங்கே போய் அசரியாவைப் பற்றிக் கேட்டால், அவர் தமிழர் என்பதே பலருக்கு இரண்டாம்பட்சம்தான், தங்கள் ஊர்க்காரராகவே பேசுவார்கள்.

இனி அந்த இரண்டாம் பாதிக்கு வருகிறேன். நெல்லைச் சீமையின் பெருமை என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். ஆனால் அவர் ஏன் நம் ஊரில் அத்தியட்சர் ஆகவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மை.

அசரியா பிறந்தது 1874 ஆகஸ்ட் 17, மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்து வெள்ளாளன்விளையில். பெயரில் வெள்ளாளன் இருந்தாலும் அவர் குடும்பம் நாடார் குடும்பம், பனைமரமும் செம்மண் தேரியுமான ஊர். அப்பா தாமஸ் வேதநாயகம், மிஷன் பள்ளியில் படித்துக் கிறிஸ்தவரானவர், பிறகு அந்த ஊர் குருவானவர். அம்மா எலன் வெகுநாள் ஜெபித்துப் பெற்ற பிள்ளை என்பதால் சாமுவேல் என்று பெயர் வைத்தார்கள். மெஞ்ஞானபுரம் விடுதிப் பள்ளி, அப்புறம் நெல்லை, பாளையங்கோட்டைப் படிப்பு, அப்புறம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, பாரிமுனையில் இருந்தது. கணக்குப் படித்தார், தேர்வு நேரத்தில் உடம்புக்கு முடியாமல் போக, பட்டம் வாங்காமலேயே வெளியே வந்துவிட்டார். பி.ஏ. இல்லாத இந்த ஆளுக்குத்தான் 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது!

படிப்பு முடிந்ததும் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் செயலாளர் வேலை. 1895 முதல் 1909 வரை தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். ஷெர்வுட் எடி என்ற அமெரிக்கர் அந்தக் காலத்தில் அவருக்கு நெருங்கிய நண்பர், இருவரும் சேர்ந்தே பயணம் போவார்கள். இந்த நட்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எடின்பரோவில் அவர் கேட்டதைப் புரிந்துகொள்ள இது உதவும். ஒரு வெள்ளைக்காரரோடு சமமாகப் பழகுவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் மற்றவர்களிடம் அது இல்லாதது அவரை அவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1898இல் அன்பு மரியம்மாளைக் கல்யாணம் செய்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்பு படித்த முதல் சிலரில் ஒருவர் அந்த அம்மா. வரதட்சணை வாங்காத கல்யாணம். 1898இல். நம் பக்கத்துச் சபைகளில் இன்று நடக்கிற கல்யாணங்களில் கைமாறுவதை அறிந்தவர்கள் இந்த வருடத்தை இன்னொரு முறை படிக்கலாம்.

அவர் வாழ்க்கை திரும்பிய இடம் யாழ்ப்பாணம். 1902இல் அங்கே போனவர், யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுத் தாங்களே ஒரு மிஷனெரி சங்கம் வைத்து வெளியூருக்கு ஊழியரை அனுப்புவதைப் பார்த்தார். நெல்லையில் அப்போது நூறு வருடத்துக்கு மேலான சபை இருந்தது, ஆயிரக்கணக்கில் விசுவாசிகள், ஊருக்கு ஊர் கோயில், பள்ளிக்கூடம். எல்லாம் இருந்தும் இன்னும் இங்கிலாந்திலிருந்து வருகிற பணத்தையும் ஆளையும் எதிர்பார்த்தே உட்கார்ந்திருக்கிறோமே என்பது அவரைக் குத்தியது. அடுத்த வருடமே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியாயிற்று. ஐ.எம்.எஸ். என்றால் இன்றும் நம் ஊர்க் கிழவிகளுக்குத் தெரியும், பிடி அரிசிக் காணிக்கை, அறுப்பின் பண்டிகைக் காணிக்கை என்று கொடுத்துப் பழகியவர்கள். இரண்டு வருடம் கழித்து, 1905 கிறிஸ்துமஸ் அன்று, வங்காளத்துச் சீராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம். இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்பதுதான் இரண்டு சங்கங்களுக்கும் அடிப்படை. வங்கப் பிரிவினைக்கு எதிராக சுதேசிக் குரல் எழுந்த அதே 1905 என்பதைக் கவனித்தால், இவர்கள் ஏதோ தனித் தீவில் இருக்கவில்லை என்பது விளங்கும்.

ஐ.எம்.எஸ். தேர்ந்தெடுத்த ஊழியக்களம்தான் தோர்ணக்கல். தெலுங்கு பேசும் ஊர், நிஜாம் ஆட்சி, நெல்லைக்காரருக்கு எல்லா வகையிலும் அந்நியம். ஆட்களை அனுப்பிவிட்டு, சங்கத்தின் செயலாளராக உட்கார்ந்து அறிக்கை எழுதிக்கொண்டிருக்க அசரியாவுக்கு மனம் ஒப்பவில்லை. 1909இல் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டார், குருப்பட்டம் பெற்றார், முப்பத்தைந்து வயதில் குடும்பத்தோடு தோர்ணக்கல் போனார், தெலுங்கு எழுத்தைக் கற்க ஆரம்பித்தார். செத்ததும் அந்த ஊரில்தான், அடக்கமும் அங்கேதான்.

போன அடுத்த வருடமே எடின்பரோ. 1910இல் ஸ்காட்லாந்தில் நடந்த உலக மிஷனெரி மாநாடு. பிரதிநிதிகள் ஆயிரத்து இருநூறு பேர், ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபது பேர்கூட இல்லை. உலகத்தையே ஒரு தலைமுறைக்குள் சுவிசேஷத்தால் நிரப்பிவிடலாம் என்ற மிதப்பில் இருந்த கூட்டம் அது. வெளிநாட்டு ஊழியரும் உள்நாட்டு ஊழியரும் ஒத்துழைப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள் இவரை. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம், அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். இவர் எழுந்து, இந்தியாவில் மிஷனெரிக்கும் இந்திய ஊழியருக்கும் நடுவில் இருப்பது முதலாளி, வேலைக்காரர் உறவுதான், நட்பு இல்லை என்று நேராகவே சொல்லிவிட்டார். பதில் மரியாதைக்கு வீட்டுக்கு வருவது, கைகுலுக்குவது, நாற்காலி போடுவது, விருந்துக்கு அழைப்பது இதையெல்லாம் வெறும் சடங்காகக் கேட்கவில்லை, உள்ளே அன்பு இருந்தால் இதெல்லாம் தானாக வரும் என்பதுபோலப் பேசினார். நாற்காலி என்று வருகிறது பாருங்கள். வெள்ளைக்கார ஐயர் பங்களாவில் நம் உபதேசியார் எங்கே நின்றார், எங்கே உட்கார்ந்தார் என்பதைத் தாத்தா பாட்டியிடம் கேட்டிருந்தால் இந்த ஒரு சொல்லின் கனம் புரியும்.

முடிவில் அவர் சொன்னது மாநாட்டு அறிக்கையிலேயே இருக்கிறது. வருங்காலம் எல்லாம் இந்தியத் திருச்சபை மிஷனெரிகளின் வீரத்துக்கும் தன்னலமற்ற உழைப்புக்கும் நன்றியோடு சாட்சி சொல்லும், "ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், சுட்டெரிக்கப்பட உங்கள் உடல்களையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்!" பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதிய அதிகாரத்தை எடுத்து அவர்களிடமே வாசித்துக் காட்டிய மாதிரி. தங்கள் உடைமையையும் உடலையும் கொடுத்தவர்களிடம் அன்பு இல்லாவிட்டால் என்ன பயன் என்பது அந்த அதிகாரம் தெரிந்த ஒவ்வொருவருக்கும் உறைத்திருக்கும். சிலர் கைதட்டினார்கள், சிலருக்கு முகம் சிவந்தது. இந்தியாவில் ஊழியம் செய்த மிஷனெரிகள் பலர் இதை மன்னிக்கவே இல்லை.

சென்னை அத்தியட்சர் ஹென்றி வைட்ஹெட் மட்டும் அவர் பக்கம் உறுதியாக நின்றார். (தத்துவ மேதை ஆல்ஃபிரட் நார்த் வைட்ஹெட்டின் அண்ணன் இவர். தம்பியைப் பற்றி உலகம் பேசும், அண்ணன் சென்னையில் செய்த இந்தக் காரியத்தை யாரும் பேசுவதில்லை.) இந்தியர் ஒருவரை அத்தியட்சர் ஆக்கியே தீர வேண்டும், அது அசரியாதான் என்று வைட்ஹெட் ஒற்றைக் காலில் நின்றார். எதிர்ப்பு எங்கிருந்தெல்லாம் வந்தது என்று பார்த்தால்தான் நான் சொல்ல வந்த விஷயம் விளங்கும். வெள்ளைக்கார மிஷனெரிகள் எதிர்த்தார்கள், ஓர் இந்தியருக்குக் கீழே நாங்கள் எப்படி வேலை செய்வது என்ற கேள்வி. சட்டச் சிக்கல் வேறு, அன்றைக்கு ஆங்கிலிக்க சபை இந்தியாவில் அரசாங்கத்தோடு பின்னிக் கிடந்தது. ஆப்பிரிக்காவின் முதல் கறுப்பின ஆங்கிலிக்க அத்தியட்சர் சாமுவேல் குரவுத்தருக்கு என்ன ஆயிற்று என்பதும் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. 1864இல் நைஜர் பகுதிக்கு அபிஷேகம் பண்ணப்பட்டவர், கடைசிக் காலத்தில் இளம் மிஷனெரிகளால் அவமானப்படுத்தப்பட்டு ஒதுக்கப்பட்டார். ஒருமுறை பரிசோதித்தாயிற்றே, மறுபடியுமா என்று நினைத்தவர்கள் இருந்தார்கள்.

ஆனால் எதிர்ப்பு இங்கிலாந்துக்காரர்களிடமிருந்து மட்டும் வரவில்லை, நம் நெல்லையிலிருந்தும் வந்தது. ஒரு நாடார் அத்தியட்சர் ஆவதா என்று முகம் சுளித்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். ஒரே வேதப்புத்தகம், ஒரே ஞானஸ்நானம், ஆனால் ஆசீர்வதிக்கிற அத்தியட்சர் யாருடைய கை தலையில் படவேண்டும் என்பதில் சாதி. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். வெள்ளைக்காரன் நம்மைக் கீழாக நடத்தினான் என்று எழுதுவது எளிது, உங்கள் கட்டுரையும் எழுதியிருக்கிறது, நாமே நம்மை எப்படி நடத்திக்கொண்டோம் என்பதை எழுதத்தான் பேனா தயங்குகிறது. கடைசியில் அவருக்குக் கிடைத்தது வேறு மொழி பேசும், வேறு ராஜ்யத்தில் இருக்கிற, புதிதாக உண்டாக்கப்பட்ட ஒரு சின்னத் திருமண்டலம். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா செயின்ட் பால் பேராலயத்தில் அபிஷேகம் நடந்தது. அந்தப் பெரிய நிகழ்ச்சியை எல்லாரும் கொண்டாடுகிறோம், நியாயம்தான். அதே மூச்சில் நெல்லைக்கும் நன்றி சொல்லவேண்டும், தோர்ணக்கல் ஊழியத்துக்கு வருடக்கணக்காகக் காணிக்கை அனுப்பியது நெல்லைச் சபைகள்தான், அதை மறைத்தால் நானும் பாதி உண்மை சொன்னவன் ஆவேன். பணம் கொடுத்த ஊரும் அதுதான், முணுமுணுத்த ஊரும் அதுதான்.

தோர்ணக்கல்லில் என்ன செய்தார்? சபைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள், கிராமத்துக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள், நிலமில்லாதவர்கள். மாலாவுக்கும் மாதிகாவுக்கும் தங்களுக்குள்ளேயே ஒட்டுறவு கிடையாது. இவர்களை ஒரே கோயிலில் உட்கார வைத்து ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுக்க வைப்பது என்பது பிரசங்கம் பண்ணி முடிகிற வேலை இல்லை. அவர் விடாப்பிடியாக நின்றார். முழுதாக வென்றார் என்று சொல்லமாட்டேன், ஆந்திர, தெலங்கானா சபைகளில் அந்தப் பிளவு இன்னும் பேசப்படுகிறது என்பது அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும்.

1920இல் கிருஷ்ணா ஆற்றுப் பக்கத்துத் தெலுங்குப் பகுதிகளும் சேர்ந்து திருமண்டலம் பெரிதானது. மாட்டு வண்டியில், சைக்கிளில், நடந்து, இப்படித்தான் ஊர் ஊராகப் போனார். கிராமத்து மக்களைப் பிடித்திருக்கிற பேய்கள் நான்கு என்பார்: அழுக்கு, நோய், கடன், குடி. இந்த நாலையும் துரத்துவதும் சுவிசேஷ வேலைதான் என்பது அவர் கட்சி. ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையில் தாங்களே கை வைத்துக்கொண்டு, சுவிசேஷத்தைப் பிரசங்கிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுல் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைத்தார். எழுத்தறியாத கூலிக்காரர், நேற்றுவரை ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர், இன்றைக்கு இன்னொருவருக்குப் போதிக்கிற கடமை உனக்கு உண்டு என்று சொல்லப்பட்டால் அவர் முதுகு எப்படி நிமிரும் என்று யோசித்துப் பாருங்கள். மிஷனெரி பங்களாவிலிருந்து ஒழுகி வருகிற தர்மமாக இல்லாமல், கிராமத்தார் தாங்களே நடத்துகிற சபையாக அது வளர்ந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

1935 வாக்கில் அந்தத் திருமண்டலத்தில் இந்தியக் குருமார் மட்டும் இருநூற்றைம்பது பேர், கிராம ஆசிரியர்கள் இரண்டாயிரத்துக்கு மேல். மருத்துவ நிலையங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், அச்சகம் எல்லாம் இருந்தன. 1941இல் சபை மக்கள் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. ஊழியப் பயிற்சிக்கு வருகிறவர்கள் மனைவியோடு வரவேண்டும், அவர்களுக்கும் படிப்பு உண்டு. இதிலெல்லாம் அன்பு மரியம்மாளின் பங்கு பெரியது, பெண்கள் ஊழியம் முழுக்க அவர் தலையில்தான் இருந்தது. தெலுங்கு நாட்டுப்புற மெட்டில் பாட்டு, ஆட்டம், திருவிழா, இவற்றையும் சபைக்குள் அனுமதித்தார், சில இடங்களில் ஊக்கப்படுத்தினார். கூடவே ஒழுங்கு விஷயத்தில் கண்டிப்பானவர். சபைக் கட்டுப்பாட்டை மீறினால் விலக்கி வைக்கத் தயங்கமாட்டார். எல்லாருக்கும் பிடித்த மனிதராக அவர் இருந்திருக்க முடியாது.

தோர்ணக்கல் பேராலயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டி முடிக்க இருபத்தைந்து வருடம் ஆயிற்று, 1939 ஜனவரி 6, பிரசன்னத் திருநாள் அன்று பிரதிஷ்டை. குவிமாடத்தையும் ஸ்தூபிகளையும் பார்த்தால் மசூதி ஞாபகம் வரும், உள்ளே தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபம், பீடத்தில் சிலுவை. கல்கத்தாவிலும் சென்னையிலும் லண்டனைக் காப்பியடித்துக் கட்டியிருந்த காலத்தில், நிஜாம் நாட்டுச் சின்ன ஊரில் இப்படி ஒன்றைக் கட்ட ஒரு தெளிவு வேண்டும். விஜயவாடா பக்கம் ரயிலில் போகிறவர்கள் முடிந்தால் இறங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

காந்தியோடு அவருக்கு இருந்த கருத்து வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாக இருக்காது. 1935இல் அம்பேத்கர், இந்துவாகச் சாகமாட்டேன் என்று யேவலாவில் அறிவித்த பிறகு, தாழ்த்தப்பட்டவர்கள் மதம் மாறுவது பற்றி நாடே பேசியது. ஹரிஜன மக்களைக் கூட்டமாக மதம் மாற்றுவது தவறு, அவர்களுக்கு அதன் அர்த்தம் புரியாது என்பது காந்தியின் நிலை. அவர்களுக்கு எது நல்லது என்று தீர்மானிக்கும் அறிவும் உரிமையும் அவர்களுக்கே உண்டு என்பது அசரியாவின் நிலை. காந்தியை மதிக்கிற நான் இந்த ஒரு விஷயத்தில் அசரியா பக்கம்தான். அதே அசரியா, 1932இல் சமூகவாரியாகச் சட்டசபை இடங்களைப் பிரித்துக் கொடுத்த பிரிட்டிஷ் அரசின் வகுப்புவாரித் தீர்ப்பு வந்தபோது, கிறிஸ்தவர்கள் மட்டும் வாக்களிக்கிற தனி வாக்காளர் தொகுதி வேண்டாம் என்றவர். திருச்சபை என்பது சீட்டுக்குப் பேரம் பேசுகிற இன்னொரு சாதியாக ஆகிவிடக்கூடாது என்பது அவர் கவலை. மதமாற்றக்காரர் என்று அவரை ஒரே சொல்லில் முத்திரை குத்துகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

சபை ஒற்றுமைக்கு வருகிறேன், உங்கள் கட்டுரையின் குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கும். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் முப்பத்து மூன்று பேர் கூடினார்கள், இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர். அசரியாவும், தென்னிந்திய ஐக்கிய சபையைச் சேர்ந்த சாந்தியாகுவும் முன்னின்று நடத்தினார்கள். வெள்ளைக்காரர்கள் ஐரோப்பாவில் சபைகளுக்குள் போட்ட சண்டையை நாம் எதற்குச் சுமக்கவேண்டும், ஒன்றாவோம் என்று அங்கே எழுதி வைத்த அறிக்கைதான் தென்னிந்தியத் திருச்சபையின் விதை. 1927இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் நடந்த சபை ஒற்றுமை மாநாட்டில் அவர் சொன்னதன் சாரம் இது: உங்கள் நாடுகளில் சபைப் பிரிவினை ஒரு பலவீனம், எங்கள் நாட்டில் அது பாவம், இடறல். அப்புறம் பேச்சுவார்த்தை பேச்சுவார்த்தை என்று கால் நூற்றாண்டு இழுத்தது. அத்தியட்சர்கள் தேவையா, எப்படி அபிஷேகம் பண்ணுவது, யார் நற்கருணை கொடுக்கலாம் என்று இங்கிலாந்தில் சண்டை. சபை பிறந்த நாளில் அவர் இறந்து இரண்டே முக்கால் வருடம் ஆகியிருந்தது. அன்றைக்குப் புதிதாக ஒன்பது பேராயர்கள் அபிஷேகம் பெற்றார்கள், முதல் பிரதமப் பேராயர் ஆனவர் மைக்கேல் ஹாலிஸ், ஓர் ஆங்கிலேயர்.

இப்போது அந்த 'முதல்' பற்றி. 1912இல் முதல் இந்தியர் வந்தாயிற்று. இரண்டாமவர் எப்போது வந்தார்? சில இடங்களில் இந்தியர்கள் துணை அத்தியட்சர்களாக வந்தார்கள், ஆனால் ஒரு திருமண்டலத்தின் முழுப் பொறுப்பில் இருந்த இந்திய ஆங்கிலிக்க அத்தியட்சர் அசரியா சாகிறவரை அவர் ஒருவர்தான். முப்பத்திரண்டு வருடம். அவருடைய தலைமையில் திருமண்டலம் அவ்வளவு வளர்ந்தும், வெள்ளைக்காரர்களைவிட ஓர் இந்தியர் நன்றாகவே நடத்துவார் என்று நிரூபித்தும், இன்னொரு ஆளை உட்கார வைக்க மனம் வரவில்லை. வாசலைத் திறந்தார்கள் என்று எழுதுகிறோம். அவர் நுழைந்ததும் அதே வாசலைச் சாத்தியும் வைத்தார்கள். முதல் இந்தியர் என்ற பட்டத்தை அவருக்குச் சூட்டிக் கொண்டாடும்போது இந்தக் கணக்கும் பக்கத்தில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அது பட்டம் கொடுத்தவர்களுக்கான பாராட்டுப் பத்திரமாகத்தான் முடியும்.

நம் சபைகளுக்கும் இதில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. இன்று எல்லாப் பேராயர்களும் நம் ஆட்கள்தான். பேராயர் தேர்தல் வந்தால் எந்த ஊர், எந்தக் குடும்பம், எந்தச் சாதி என்று எண்ணிப் பார்ப்பதும், முடிவு பிடிக்காவிட்டால் நீதிமன்றம் போவதும் வழக்கமாகிவிட்டது. எந்தத் திருமண்டலத்தையும் பெயர் சொல்லப் போவதில்லை, படிக்கிறவர்களுக்குத் தெரியும். அசரியாவின் படத்தை அலுவலகச் சுவரில் மாட்டிவிட்டு அதன் கீழே உட்கார்ந்தே இந்தக் கணக்கெல்லாம் போடப்படுகிறது.

இங்கிலாந்துச் சபை தன் நாட்காட்டியில் ஜனவரி 2ஐ அசரியாவின் நினைவு நாளாக வைத்திருக்கிறது. லண்டனில் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பிக் கேட்டுப் பாருங்கள், செய்திக்கு ஆகும்.

ஆக, ஆசிரியர் அவர்களே, எனக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, சி.எஸ்.ஐ.யின் முதல் இந்தியப் பேராயர் என்று போட்டதைத் திருத்தி, தோர்ணக்கல்லின் ஆங்கிலிக்க அத்தியட்சர் என்று வருகிற ஞாயிறு இணைப்பிலேயே போடுங்கள். இன்னொன்று, எடின்பரோ உரையைத் தமிழில் வெளியிடுங்கள். 1910இல் அச்சான மாநாட்டு அறிக்கையில் இருக்கிறது, பதிப்புரிமை எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முழுதாகப் போட இடமில்லை என்றால் நாற்காலி வருகிற பகுதியிலிருந்து முடிவு வரைக்குமாவது போடுங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், கேட்டால் நானே செய்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நாசரேத் வாசகர் ஒருவர்